லெதர் சோபா: எந்தத் தோல் நம் வீட்டுக்கு ஆகும்?

எங்கள் பழைய சோபா மூன்றாம் வருடம் உரிய ஆரம்பித்தது. முதலில் கை வைக்கும் இடத்தில் சின்ன வெடிப்பு. அப்புறம் அம்மா எழுந்து போகும்போதெல்லாம் சேலையில் கறுப்புச் செதில்கள். பில்லில் "லெதர்" என்றுதான் போட்டிருந்தது. கடையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "சென்னைக் காத்துக்கு லெதர் இப்படித்தான் சார் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காற்றில் ஈரம் அதிகம் என்பது உண்மை. ஆனால் தோல் அப்படிச் செதில் செதிலாக உரியாது. எங்கள் வீட்டில் உரிந்தது தோலே இல்லை.

அடுத்த சோபாவுக்கு வாணியம்பாடியிலிருந்து சித்தப்பாவை வரவழைத்தேன். முப்பது வருடம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தோல் பதனிடும் டேனரியை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கடையில் நான் இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குஷனைத் திருப்பி ஜிப்பைத் திறந்தார். "முன்பக்கத்தை எப்படி வேணா பண்ணிடலாம்பா. பின்பக்கத்தைப் பாரு" என்றார். உள்ளே துணி நெசவு தெரிந்தது. நிஜத் தோலாக இருந்தால் மெல்லிய நார்கள் பிசிர் பிசிராக, மான்தோல் போலத் தெரியும். நாங்கள் அந்த சோபாவை விட்டு நகர்ந்தோம்.

விலைச்சீட்டில் இருக்கும் "ஜெனுவின் லெதர்" என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாட்டுத் தோல் பல மில்லிமீட்டர் கனம் உள்ளது. சோபாவுக்கு வேண்டியதோ ஒரு மில்லிமீட்டர், கூடிப் போனால் ஒன்றரை. அதனால் இயந்திரத்தில் கொடுத்துத் தகடாகப் பிளக்கிறார்கள். மயிர்க்கால் தடம் உள்ள மேல் தகட்டின் முகப்பில் நார்கள் மெல்லியதாக, நெருக்கமாகப் பின்னியிருக்கும். கீழ்த் தகட்டில் நார் முரடு, முகப்பு கிடையாது. இந்தக் கீழ்த் தகட்டுக்கு 'ஸ்ப்ளிட்' என்று பெயர். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தோல் வரி அச்சிட்டு விற்கிறார்கள். இரண்டுமே தோல்தான், இரண்டுக்கும் "ஜெனுவின்" என்று போடலாம். ஐரோப்பியத் தர விதியில் மேல்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறும் "லெதர்" என்று சொல்லக்கூடாது. நம் கடைகளில் அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்: மேல் தகடா, ஸ்ப்ளிட்டா? ஸ்ப்ளிட்டைச் சோபாவின் பக்கவாட்டில், பின்புறத்தில் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தினமும் உட்கார்ந்து எழும் இடத்தில் வேண்டாம்.

மேல் தகட்டிலேயே இரண்டு வகை. முகப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் 'ஃபுல் கிரெய்ன்'. உண்ணி கடித்த தடம், முள் கீறல், சூட்டுத் தழும்பு எல்லாவற்றையும் தேய்த்து மழித்து, மேலே வேறு வரி அச்சிட்டால் 'கரெக்டட் கிரெய்ன்'. குளிர் நாட்டு மாடுகளுக்கு உண்ணித் தொல்லை குறைவு. அதனால் ஐரோப்பியத் தோலில் தேய்க்காமல் விடக்கூடியது அதிகம் தேறும். அளவும் பெரியது, ஒரு முழுத் தோல் 50 சதுர அடி அளவில் வரும். நம்மூர் மாட்டுத் தோல் அதைவிடச் சிறியது, ஆகவே சோபாவில் ஒட்டுத் தையல் கூடும். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்குப் பெரிய தோலே நான்கைந்து வேண்டும். தோல் சதுர அடிக் கணக்கில்தான் விற்பனையாகிறது. சதுர அடி விலையைக் கேட்டு மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். முழு சோபாவின் விலை அதற்கும் கீழே இருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

இதெல்லாம் எந்தத் தகடு என்கிற கேள்வி. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகப் பட்டது மேல்பூச்சு. விலை உயர்ந்த கடைகளில் முதலில் காட்டுவது 'அனிலின்'. சாயம் தோலுக்குள் ஊறியிருக்கும், மேலே பூச்சு ஏறக்குறைய இருக்காது. கை வைத்தால் மனம் அங்கேயே நின்றுவிடும். மயிர்க்கால், கழுத்துச் சுருக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நம் உடல் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும். அழகில் இதற்கு ஈடு இல்லை என்று நானும் சொல்வேன். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சற்று நேரத்தில் உறிஞ்சிக் கறுக்கும். தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் போகாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற வீட்டில் சாய்மானத்தின் மேல் பகுதி ஆறே மாதத்தில் தனி நிறமாகிவிடும். மேற்கு ஜன்னல் வெயில் பட்டால் வெளுக்கும்.

'பிக்மென்ட்' பூச்சு, அதாவது மேலே நிறமிப் பூச்சு போட்டதில் தண்ணீர் முத்தாக நிற்கும், துடைத்துவிடலாம். சாம்பார் சிந்தினாலும் ஈரத் துணி போதும். கொஞ்சம் குளிர்ச்சியாக, கொஞ்சம் ஒரே சீராக இருக்கும், அனிலினின் உயிர்ப்பு இராது. இரண்டுக்கும் நடுவில் 'செமி அனிலின்': மெல்லிய பூச்சு, ஓரளவு பாதுகாப்பு, அனிலினுக்கு நெருங்கிய தொடு உணர்வு. கணவன் மனைவி மட்டும் உள்ள வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் எண்ணெய் வைத்த தலை இரண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. நாங்கள் ஃபுல் கிரெய்ன் தோலில் பிக்மென்ட் பூச்சு போட்டதை எடுத்தோம். கடைக்காரர் அனிலினை விட்டு இதைப் போய் எடுக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். படிக்கும் அறையில் ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலி என்றால் அனிலின்தான் வாங்குவேன். நூபக் போன்ற தேய்த்த மெத்து ரகத்தை நம் ஊர்ப் புழுதிக்கும் வியர்வைக்கும் யோசிக்கவே வேண்டாம்.

மாடா எருமையா என்று கேட்டால் சித்தப்பா எருமையை விட்டுக்கொடுக்க மாட்டார். "கனமான தோல், நல்லா உழைக்கும்" என்பார். உண்மைதான். ஆனால் சோபாவுக்காக அதை மெலிதாகச் சீவும்போது நார் கொஞ்சம் தளர்வாக நிற்கிறது, வரிகளும் பெரிதாக, முரடாகத் தெரிகின்றன. பூச்சு போட்டு மறைத்து மாட்டுத் தோல் விலைக்கு விற்றால்தான் தவறு. எருமை என்று சொல்லி, அதற்குரிய விலையில் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். உட்காரும் இடத்தில் மட்டும் தோல், மற்ற இடமெல்லாம் ரெக்சின் என்று செய்கிறார்களே, அதற்கும் இதே நியாயம்தான். ஒன்று மட்டும்: தோல் வயதாவதும் ரெக்சின் வயதாவதும் வேறு வேறு. நாலைந்து வருடத்தில் இரண்டும் வேறு நிறமாகத் தெரியும்.

இனி எங்களை ஏமாற்றிய 'பாண்டட் லெதர்'. வெட்டி மிஞ்சிய தோல் துணுக்கு, சீவல் எல்லாவற்றையும் அரைத்து, பசையோடு கலந்து, துணி மேல் பரப்பி, பாலியூரித்தேன் படலம் போர்த்துவது. தோல் வாசனைகூட வரும், அதனால் மூக்கை நம்பாதீர்கள். தோலின் பலமே நார்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதில் இருக்கிறது. அரைத்த பிறகு அது ஏது? மேலே உள்ள பாலியூரித்தேனைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல உடைக்கிறது, கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். அதனால்தான் அது செதிலாக உரிகிறது. உரிந்ததைச் சரி செய்ய வழியும் இல்லை. பியூ (பாலியூரித்தேனின் சுருக்கம்) என்று சொல்லி விற்கும் செயற்கைத் தோலுக்கும் இதே ஈரப் பிரச்சினை உண்டு, ஆனால் அதில் பெயரிலாவது ஒளிவு இல்லை. ஆட்டோ சீட்டில் பார்க்கும் பிவிசி ரெக்சின் இப்படி உரியாது. வேர்த்தால் தொடையில் ஒட்டும், வருடங்கள் போனால் விறைத்து வெடிக்கும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் பாண்டட் வாங்குவதை விட நல்ல கனமான பருத்தித் துணி சோபா வாங்குங்கள். உறையைக் கழற்றித் துவைக்கலாம், கிழிந்தால் மாற்றலாம்.

பதனிடும் முறையையும் கேளுங்கள். ஒரு காலத்தில் நம் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். இன்று சோபாத் தோலில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டது; மிருதுவாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். அந்தக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை வேலூர்க்காரர்களிடம் கேட்க வேண்டும். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது. குரோம் போட்ட தோலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழிவைச் சுத்திகரிக்கிற டேனரித் தோலா என்று கேட்கிறேன். டேனரிகளின் சுற்றுச்சூழல் நடைமுறையைத் தணிக்கை செய்யும் 'லெதர் வொர்க்கிங் குரூப்' அமைப்பின் சான்று உள்ள டேனரிப் பெயரைச் சில கடைகள் சொல்கின்றன. சொல்லத் தெரிந்த கடைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

கடைசியாகப் பார்த்த கடையில் சித்தப்பா வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, இருக்கையின் ஓரத்தில் இருபது முறை தேய்த்தார். சாயம் ஒட்டவில்லை. விரலால் அழுத்தினார்; விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, எடுத்ததும் மறைந்தன. அதன் பிறகுதான் விலை பேசினோம். முன்பணம் கொடுக்கும்போது அவர் இன்னொன்றும் கேட்டு வாங்கினார்: அதே தோலில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு. சோபா வந்த அன்று அந்தத் துண்டை அதன் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இப்போது அது பில்லோடு சேர்ந்து பீரோவில் இருக்கிறது. எப்போதாவது கிழிந்தால் சரி செய்பவருக்கு நிறம் பார்க்கவும் அதுதான் வேண்டும்.