வாட்டர் ஜெட்டும் எக்ஸ்டென்ஷன் வயரும்: சில வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

சிங்கப்பூரில் தரைவீட்டில் இருப்பவர்களுக்குப் பாசியோடுதான் குடித்தனம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரிக் கடைசியில் பார்த்தால் கார் போர்ச் ஓரம், பின்பக்கச் சுவர், கால்வாய் விளிம்பு எல்லாம் பச்சை பூத்திருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து முதுகு விட்டுப்போனவர்கள்தான் கடைசியில் வாட்டர் ஜெட், அதாவது தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் மெஷின், வாங்குகிறோம். எங்கள் வீட்டில் இருப்பது 1,800 வாட் மெஷின். அது எத்தனை பார் அழுத்தம், எந்த நாசில் நல்லது என்றெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது மெஷினுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் தரையில் கிடக்கிறதே, அந்த வயரைப் பற்றி.

மெஷினோடு வந்த வயர் ஐந்து மீட்டர். எங்கள் வீட்டில் வாசலுக்கு அருகில் இருக்கும் பிளக் பாயிண்ட் ஹாலுக்குள்தான். அதனால் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் வேலை நடக்காது. டிவிக்குப் பின்னால் கிடக்கும் நாலு ஓட்டை எக்ஸ்டென்ஷனை எடுத்துவந்து மாட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அதான் மெயின் சுவிட்ச் இருக்கே, ஏதாச்சும்னா ட்ரிப் ஆயிடும்" என்பார்கள்.

அங்கேதான் கணக்கு பிசகுகிறது. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி என்ற கசிவுத் தடுப்பு சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தால் விழும்; அது ஆளைக் காக்க. பிளக் பாயிண்டுக்கான எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் விழும் சுவிட்ச், பல வீடுகளில் 20 ஆம்பியர். அது சுவருக்குள் ஓடும் வயரைக் காக்க. நாம் வெளியே இழுத்துப் போட்ட மெலிந்த வயருக்கென்று இருக்கும் ஒரே காவல், பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ். அந்த வயர் ஆறு ஆம்பியர்தான் தாங்கும் என்றால் ஃபியூஸுக்கு அது எப்படித் தெரியும்? வயர் உருகும்வரை ஃபியூஸ் சும்மாதான் இருக்கும்.

எங்கள் மெஷின் இழுப்பது சுமார் 7.8 ஆம்பியர். 1,800-ஐ 230-ஆல் வகுத்தால் வரும் எண். பார்க்கச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் இருபது மீட்டர் ரீல் ஒன்றில் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் சுற்றியிருந்தால், போக வர நாற்பது மீட்டர் செம்பு. அதன் மின்தடை ஏறக்குறைய ஒரு ஓம். அந்த வயரில் மட்டும் அறுபது வாட்டுக்கு மேல் வெப்பமாகப் போகும். பழைய குண்டு பல்பு ஒன்றைப் போர்வைக்குள் சுற்றி வைத்ததுபோல. விரித்துப் போட்டால் அந்தச் சூடு இருபது மீட்டர் நெடுகக் காற்றில் கரைந்துவிடும். சுருளாகவே விட்டால் நடு அடுக்குகளுக்கு மூச்சே கிடையாது. சூடு ஏற ஏறச் செம்பின் மின்தடையும் கூடும், சூடு இன்னும் ஏறும். சாதாரண பிவிசி உறைக்கு 70 டிகிரிதான் எல்லை. அதே நீளத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் வெப்பம் பாதியாகிவிடுகிறது.

ரீலின் பக்கத்துத் தகட்டில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள்: சுருட்டிய நிலையில் இவ்வளவு வாட், முழுக்க விரித்தால் இவ்வளவு வாட். நல்ல ரீல்களிலேயே முதல் எண் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். இரண்டாவது மூவாயிரத்தை ஒட்டி. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடிப்பது இரண்டாவதை மட்டும்தான். பக்கத்து வீட்டு அங்கிள் இணையத்தில் மலிவாக வாங்கிய ரீல் ஒன்றை அறுத்துக் காட்டினார்: வெளிச்சுற்றுகள் புதுசு மாதிரி பளபள, உள்ளே நாலைந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் உறையோடு பிய்ந்து வந்தன. எரிந்த வாசனை வந்ததால் பிடுங்கிவிட்டாராம். சூடானால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பட்டன் உள்ள ரீல்களும் உண்டு. அது விழுந்தால் "ரீல் கெட்டுப்போச்சு" என்று திரும்பத் திரும்ப அமுக்காமல், முழுக்க விரித்து ஆறவிடுவதுதான் முறை.

நான் ரீல் பக்கமே போகவில்லை. எங்கள் வீட்டு மின்வேலைகளைப் பார்க்கும் உரிமம் பெற்ற அண்ணன் ஒருவரிடம் கேட்டேன்.

"எவ்வளவு தூரம் வேணும் தம்பி?"

"பன்னிரண்டு, பதிமூணு மீட்டர் இருந்தா போதும்ணே."

"அப்போ பதினஞ்சு போடு. ஆனா 2.5 போடு. ரப்பர்ல போடு. ஒன்றரை வேணாம்."

மெஷினோடு வந்த கையேடும் அதைத்தான் சொன்னது: பத்து மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர், அதற்கு மேல் முப்பது மீட்டர் வரை 2.5. சிம் லிம் டவர் பக்கம் மீட்டர் கணக்கில் கேபிள் வாங்கலாம். கேபிளின் மேல் எச்07ஆர்என்-எஃப் என்று அச்சடித்திருக்கும் கறுப்பு ரப்பர் வகை. வெயில், தண்ணீர், தரையில் உரசல் மூன்றையும் தாங்கும். சிரமம் எங்கே வந்தது என்றால் பிளக்கில். சாதாரண 13 ஆம்பியர் பிளக் 1.5-க்குத்தான் அளவெடுத்தது, 2.5 ரப்பர் கேபிள் அதன் கழுத்துக்குள் நுழைய மறுக்கும். தடித்த ரப்பர் உடம்புள்ள பிளக்கும், மூடியுள்ள சாக்கெட் தலையும் தனியாக வாங்கி, அண்ணனே மாட்டிக் கொடுத்தார். பச்சை-மஞ்சள் எர்த் வயரை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டார். யாராவது வெடுக்கென்று இழுத்தால் அது கடைசியாகக் கழல வேண்டுமாம்.

இதெல்லாம் வேண்டாம், கடையில் தயாராக வாங்கிக்கொள்கிறேன் என்பவர்கள் பாதுகாப்பு முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். கேபிள் ரீல், பல ஓட்டை எக்ஸ்டென்ஷன் இரண்டுமே இங்கே பதிவு செய்துதான் விற்க வேண்டிய பொருட்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த, எந்த நாட்டு பிளக்கும் நுழையும் ஓட்டை உள்ள எக்ஸ்டென்ஷனை மறந்துவிடுங்கள். அந்த ஓட்டை எதையும் இறுக்கிப் பிடிக்காது.

வயரைவிட எனக்குக் கவலை தருவது இணைப்பு. மெஷின் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் தலையும் சேரும் இடம். தரை முழுக்கத் தண்ணீர் ஓடும்போது அது தரையில் கிடக்கக் கூடாது. குறைந்தது 60 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும் என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. நான் இன்னும் தாராளமாக, வாசல் கேட் கம்பியில் ஒரு கொக்கி போட்டு இடுப்பு உயரத்தில் தொங்கவிடுகிறேன். வயர் இணைப்புக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏற வேண்டும். வயரோடு வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. ஐபி44 என்று போட்ட மூடியை நம்பி அதன் மேலேயே ஜெட்டைத் திருப்பக் கூடாது. அது தெறிக்கும் தண்ணீருக்கான தரம், பீய்ச்சும் தண்ணீருக்கு அல்ல. பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டுவது இங்கே பிரபலமான வைத்தியம். உள்ளே வியர்த்து நனைவதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் பழகிக்கொண்டேன். வயரை நீட்டுவதற்கு முன் ஹோஸை நீட்ட முடியுமா என்று பார்ப்பேன். பின்பக்கம் கழுவ மெஷினை அங்கே தூக்கிப்போவதில்லை. மெஷின் போர்ச்சிலேயே காய்ந்த இடத்தில் நிற்கும். நீளமான அழுத்த ஹோஸ் மட்டும் என்னோடு வரும். ஹோஸ் நீண்டால் அழுத்தம் கொஞ்சம் குறையும், பாசிக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆரம்பிக்கும் முன் ஆர்சிசிபியின் 'டி' பட்டனை அமுக்கிப் பார்ப்பேன். வீடு முழுக்க மின்சாரம் போகும், வைஃபை போகும், உள்ளேயிருந்து கச்சேரி கேட்கும், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். (அந்தப் பட்டன் ஆர்சிசிபி விழுகிறதா என்று மட்டும்தான் சொல்லும், எக்ஸ்டென்ஷனில் எர்த் அறுந்திருந்தால் சொல்லாது.) 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் ஆர்சிசிபியே இல்லாமல் இருந்தது. அதனால்தான் 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தது எரிசக்திச் சந்தை ஆணையம். பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் ஜெட்டை மாட்டுவதற்கு முன் மின்பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடலாம். இடி கேட்டால் நான் வேலையை நிறுத்திவிடுவேன். இந்த ஊர் மதிய மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

கழுவி முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றி அதன் பித்தளைக் கால்களைத் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு சகஜம். தொட்டதும் கை பின்வாங்கினால் எங்கோ பிடிப்பு தளர்ந்திருக்கிறது. சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தாலும் அதே கதை. எங்கள் மெஷினில் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை விட்டால் மோட்டார் நிற்கும், அமுக்கினால் ஓடும். ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் சில கணம் பல மடங்கு மின்னோட்டம் பாய்வதால் தளர்ந்த பிடிப்பு சீக்கிரம் கருகுகிறது. அதனால் விசையை அடிக்கடி விட்டு அமுக்காமல் ஒரே வீச்சில் ஒரு பகுதியை முடிப்பது என் பழக்கம்.

குறை என்று சொன்னால், இந்த ரப்பர் கேபிள் கனம். சுருட்டித் தோளில் போட்டால் சட்டையில் கறுப்பு ஏறும், வெள்ளை டைல்ஸில் இழுத்தால் கோடு விழும். விலையும் கடை ரீலைவிடக் கூடுதல். வாசலிலேயே தண்ணீர் புகாத பிளக் பாயிண்ட் வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். வீட்டைப் புதுப்பிக்கும்போது செய்யலாம் என்று இருக்கிறோம். அதுவரை இதுதான் ஓடும். சாக்கெட் தலை மட்டும் பிடிப்பு தளர்ந்து ஒரு தடவை மாற்றியாயிற்று. கேபிள் இன்னும் முதலில் வாங்கியதேதான்.