வெப்ஸ்டர் காலேஜியேட் 11ம் பதிப்பு: நியோஃபைட்னு ஒரு வார்த்தைய வச்சு ஒரு ரிவ்யூ

டிக்‌ஷனரிய முழுசா படிச்சுட்டு ரிவ்யூ எழுத யாராலயும் ஆகாது. ஒரு வம்பு பிடிச்ச வார்த்தைய எடுத்து எவ்ளோ தூரம் தாங்குதுன்னு பாக்கலாம், அவ்ளோதான். நான் எடுத்தது நியோஃபைட் (neophyte). கலிஃபோர்னியா மிஷன்கள், அதாவது சாமியாருங்க பூர்வகுடிகள மதம் மாத்த கட்டுன குடியிருப்புகள் பத்தின ஒரு கட்டுரையோட மொழிபெயர்ப்பு சரிபார்க்க வந்துச்சுங்க, அதுல "தப்பி ஓடிய கத்துக்குட்டிகளைச் சிப்பாய்கள் பிடித்து வந்தனர்"னு இருக்கு. எழுதுனவர சொல்லி குத்தமில்ல, அவர் போன்ல இருந்த இலவச இங்கிலீஷ்-தமிழ் ஆப்ல நியோஃபைட்டுக்கு கத்துக்குட்டினு ஒரே அர்த்தம் தான் போட்டிருக்கான்.

சரின்னு மூர் மார்க்கெட்ல பழைய புக் கடையில வாங்குன மெரியம் வெப்ஸ்டர் காலேஜியேட்ட எடுத்தேன். 2003ல வந்த 11ம் பதிப்பு, 1600 பக்கத்துக்கு மேல, பேப்பர் சன்னமா இருந்தாலும் கிழியாது, ஓரத்துல எழுத்துக்கு எழுத்து விரல் வைக்க பள்ளம் வெட்டிருக்கும். 600 சொன்னாரு, 450க்கு முடிஞ்சுது.

நியோஃபைட்டுக்கு மூணு அர்த்தம் போட்டிருக்கு. முதல்ல புதுசா மதம் மாறுனவர், அடுத்து மடத்துல சேந்து இன்னும் வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) குடுக்காம இருக்குற நவதுறவி, மூணாவது தான் நம்ம கத்துக்குட்டி. இந்த வரிசை சும்மா வச்சதில்ல, காலேஜியேட்ல எப்பவுமே எந்த அர்த்தம் முதல்ல வழக்கத்துக்கு வந்துச்சோ அது தான் முதல்ல நிக்கும், முன்னுரையிலயே சொல்லிருக்காங்க. மாணவர்களுக்குன்னு போடுற டிக்‌ஷனரில பொதுவா இன்னைக்கு அதிகமா புழங்குறத முதல்ல வைப்பாங்க, பரீட்சைக்கு அது போதும், ஆனா 200 வருஷத்துக்கு முந்தின விஷயத்த மொழிபெயர்க்குறவனுக்கு அந்த வரிசை குழி தோண்டும்.

அதோட அர்த்தத்துக்கு முன்னாடி சதுர அடைப்புக்குள்ள வார்த்தையோட ஊர் பேர் எல்லாம் இருக்கு, மூலம் கிரேக்கம், புதுசா நட்டதுன்னு அர்த்தம், அதாவது நாத்து. ஞானஸ்நானம் வாங்கி இன்னும் வேர் பிடிக்காத ஆளு. அங்கேருந்து அப்படியே பக்கத்த புரட்டுங்க, பொழுது போறதே தெரியாது. டைரோனு ஒரு வார்த்தை, அதுவும் கத்துக்குட்டி தான், ஆனா லத்தீன்ல அது பட்டாளத்துக்கு புதுசா ஆள் எடுத்த சிப்பாய். நாவிஸ்னு இன்னொண்ணு, இங்கிலீஷ்ல அது துறவி மடத்துலேருந்து வருது. இங்கிலீஷ்காரன் ஆரம்பநிலைக்காரன சொல்ல சர்ச்சுக்கும் பட்டாளத்துக்கும் போய் கடன் வாங்கிருக்கான். நம்மகிட்ட கன்னிசாமி இருக்காரு, முதல் தடவ மலைக்கு மாலை போடுறவர், பக்தியும் ஆரம்பநிலையும் ஒரே வார்த்தையில. என்ன, அது மதம் மாறுனவருக்கு செல்லாது.

இப்ப குறை. புது மதமாறி அப்படிங்கறதோட புக் நிறுத்திடுது, அந்த வார்த்தைக்கு சர்ச்சுக்குள்ள எவ்ளோ கனம் இருந்துச்சுனு இதுல தெரியாது. 1 தீமோத்தேயு 3:6ல கண்காணியா, அதாவது சபைக்கு தலைவரா வர்றவன் "நூதன சீஷனாயிருக்கக்கூடாது"ன்னு நம்ம பழைய தமிழ் பைபிள்ல வருது இல்ல, அங்க கிரேக்கத்துல இருக்குறது இந்த வார்த்தை தான். 325ல நிசேயா சங்கம்னு சர்ச் தலைவர்கள் கூடுன கூட்டம் அத சட்டமாவே போட்டுச்சு, ஞானஸ்நானம் வாங்குன கையோட ஒருத்தர குருவாவோ ஆயராவோ (பிஷப்) ஆக்கக்கூடாதுன்னு. ஆனா 374ல மிலான் ஜனங்க கவர்னரா இருந்த அம்புரோச பிடிச்சு நீதான் ஆயர்னு நிக்குறாங்க, மனுஷன் அப்ப ஞானஸ்நானமே வாங்கல, அவசர அவசரமா வாங்கி ஒரு வாரத்துக்குள்ள போல ஆயர் ஆயிட்டாரு! இப்பவும் கத்தோலிக்க சட்டத்துல நியோஃபைட்டுக்கு குருப்பட்டம் குடுக்க ஒரு தடை இருக்கு, போதுமான அளவு சோதிச்சு பாத்தாச்சுன்னு ஆயர் சொன்னா தான் விலகும்.

கலிஃபோர்னியா கதை இன்னும் மோசம். 1769லேருந்து பிரான்சிஸ்கன் சாமியாருங்க கட்டுன 21 மிஷன்ல ஞானஸ்நானம் வாங்குன பூர்வகுடிங்க தான் அங்க நியோஃபைட். பேரு தான் புதுசு, மதம் மாறி வருஷக்கணக்கானாலும் அதே பேரு, இஷ்டத்துக்கு மிஷன விட்டு போக முடியாது, ஓடுனா ஆள் விட்டு இழுத்துட்டு வருவாங்க, கசையடி வேற. இந்த இடத்துல கத்துக்குட்டியும் பொருந்தல, வெப்ஸ்டரோட முதல் அர்த்தமும் பாதி தான் பொருந்துது. கடைசியில "ஞானஸ்நானம் பெற்ற மிஷன் பூர்வகுடிகள்"னு தான் திருத்துனேன். இந்த அளவு எல்லாம் ஒத்த வால்யூம் டிக்‌ஷனரிகிட்ட எதிர்பாக்க முடியாது, காலம் காலமா யார் எப்படி எழுதுனாங்கன்னு மேற்கோளோட வேணும்னா பெரிய ஆக்ஸ்ஃபோர்டுக்கு தான் போகணும், அத வீட்ல வைக்க தனி அலமாரி வேணும்.

உச்சரிப்பு குறிகள் இன்னொரு தலவலி. உலகம் பூரா புழங்குற ஒலிக்குறி கிடையாது, இவங்களே ஒரு முறை வச்சிருக்காங்க, வலது பக்கம் அடியில சின்ன எழுத்துல சாவி இருக்கு, ஆக்ஸ்ஃபோர்டு பாத்து பழகுன கண்ணுக்கு கொஞ்ச நாள் ஆகும். ஸ்பெல்லிங் அமெரிக்கன், பசங்க பரீட்சைக்கு குடுக்குறப்ப சொல்லி வைங்க.

பரீட்சைக்கு வேணும்னா இது வேணாம். மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், பழைய இங்கிலீஷ் புக் படிக்கிறவங்க தாராளமா வாங்கலாம். 2025ல 12ம் பதிப்பு வந்துடுச்சு, இந்த மாதிரி பழைய வார்த்தைக்கு 11ம் பதிப்பே போதும். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா பள்ளம் வெட்டுன ஓரத்துல பக்கம் உதிர்ந்திருக்கான்னு ஏ பக்கமும் எஸ் பக்கமும் பிரிச்சு பாத்துட்டு அப்புறமா பேரம் பேசுங்க.