மாருதி ஸ்விஃப்ட் காரின் இம்மொபிலைசர் சாவி: ஒரு மதிப்பீடு

மாருதி சுசுகி நிறுவனம் தன் கார்களின் விவரப் பட்டியலில் ‘ஐகேட்ஸ்’ என்று குறிப்பிடும் திருட்டுத் தடுப்பு அமைப்பு, கார் வாங்குவோரின் பேச்சில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை. தொடுதிரையின் அளவையும் அலாய் சக்கரத்தின் அழகையும் விசாரிப்பவர்கள் இதைக் கேட்காமல் கடந்துவிடுகிறார்கள். ஸ்டார்ட் பட்டன் இல்லாத, சாவியைத் திருகி இயக்கும் ஸ்விஃப்ட்டைச் சில ஆண்டுகளாக ஓட்டிவரும் நான், அந்தக் காரில் மிக உயர்வாக மதிக்கும் பாகம், அந்த அமைப்பின் அங்கமான இந்தச் சாவியே ஆகும்.

இந்த அமைப்பின் மையம் இம்மொபிலைசர். அலாரத்தையும் இம்மொபிலைசரையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். கதவை நெம்பினால் கூச்சலிடுவது அலாரம். உள்ளே நுழைந்துவிட்டவர் இன்ஜினை இயக்க முடியாதபடி தடுப்பது இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைப்பகுதிக்குள் நெல்மணியைவிடச் சற்றே பெரிய சிப் ஒன்று இருக்கிறது. அதற்கெனத் தனி பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றிப் பொருத்தப்பட்டுள்ள கம்பிச்சுருள், சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இவ்வகை அமைப்புகளில் அதன் அதிர்வெண் பொதுவாக 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்றுக்கொள்கிறது.

அடுத்து நடப்பதுதான் இத்தொழில்நுட்பத்தின் உயிர்நாடி. தொடக்ககாலச் சாவிகள் மாறாத ஒரே அடையாள எண்ணை மட்டுமே அனுப்பின. அதைப் பதிவு செய்தவர் போலிச் சாவி செய்துவிட முடிந்தது. பின்னர் வந்த சாவிகளில், கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை அனுப்ப, சிப் தன்னுள் இருக்கும் இரகசிய எண்ணைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடை தருகிறது. அதே கணக்கைக் காரும் செய்து பார்த்து, இரு விடைகளும் பொருந்தினால் மட்டுமே இன்ஜினின் கணினி எரிபொருளையும் தீப்பொறியையும் அனுமதிக்கிறது. இரகசிய எண் காற்றில் வெளிப்படுவதே இல்லை என்பதால், நேற்றைய உரையாடலை ஒட்டுக்கேட்டவருக்கு இன்று அதனால் பயனில்லை. இவ்வளவும் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுவதால், ஓட்டுநருக்கு எந்தத் தாமதமும் தெரிவதில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் இந்தச் சாவி மீது எனக்குக் குறையேதும் இல்லை. கதவைத் திறக்கும் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்த நிலையிலும், சாவியால் கதவைத் திறந்து வழக்கம்போல் இன்ஜினை இயக்கலாம். சாவியைக் கார் அடையாளம் காணாவிட்டால் டாஷ்போர்டில் இம்மொபிலைசர் விளக்கு மின்னும். அப்போது சாவியை ‘லாக்’ நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் திருப்ப வேண்டும். அப்படியும் மின்னினால் இரண்டாவது சாவியைக் கொண்டு முயல வேண்டும். வேறொரு காரின் சிப் சாவியையோ கனமான உலோகப் பொருளையோ அதே வளையத்தில் கோத்து வைத்தால் இத்தகைய குழப்பம் நேரக்கூடும். தேய்ந்த சாவிக்குக் கடையில் புதிய உறை மாற்றுபவர்கள், பழைய உறையில் இருக்கும் சிப் புதியதற்கு மாற்றப்பட்டதா என்பதை அங்கேயே இன்ஜினை இயக்கிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் பயன் எவ்வளவு என்பதற்கு வெளிநாடுகளிலிருந்து சான்றுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவை ஆராய்ந்த நெதர்லாந்துப் பொருளியலாளர்கள், அங்கே கார் திருட்டு சராசரியாக 40 சதவீத அளவுக்குக் குறைந்ததாக மதிப்பிட்டனர். அமெரிக்காவிலோ அத்தகைய சட்டம் இல்லை. அங்கு இம்மொபிலைசர் இன்றி விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்களைத் திருடும் முறை சமூக ஊடகக் காணொளிகள் வழியே பரவியதால், 2023இல் அந்நிறுவனங்கள் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் மாற்றம் அளிக்க நேர்ந்தது. ஒரு சிறு சிப்பை விட்டுவிட்டதன் விலை இது.

ஆயினும் இதை உடைக்க முடியாத அரண் என்று எண்ணிவிடக் கூடாது. 40 பிட் (0 அல்லது 1 ஆன இலக்கங்கள்) நீளமே கொண்ட இரகசிய எண்ணைப் பயன்படுத்திய ஒரு சிப்பை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தினரும் 2005இலேயே முறியடித்துக் காட்டினர். 48 பிட் இரகசிய எண் கொண்ட ஹிட்டாக்-2 என்ற மற்றொரு சிப் முறையின் பலவீனம் 2012இல் வெளிவந்தது. ஒரு காரில் எந்த முறை பயன்படுகிறது என்பது விளம்பரக் கையேடுகளில் இருப்பதில்லை. காற்றுப்பைகளின் (ஏர்பேக்) எண்ணிக்கையைப் போல இதுவும் வாங்குபவருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி என்பது என் உறுதியான கருத்து. மேலும், கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்து, ஓபிடி எனப்படும், பழுதறியும் கருவியை இணைப்பதற்கான செருகுவாயில் கருவியைச் செருகிப் புதிய சாவியைப் பதிந்துகொள்ளும் திருட்டு முறையும் உண்டு. ஆகவே, தெருவில் காரை நிறுத்துபவர்கள் கியர் பூட்டோ ஸ்டீயரிங் பூட்டோ சேர்த்துப் போடுவது நல்லது.

ஸ்டார்ட் பட்டன் உள்ள உயர்வகைக்குக் கூடுதல் பணம் தரலாமா என்று கேட்பவர்களிடம், பாதுகாப்பை மட்டும் கருதினால் வேண்டாம் என்றே சொல்வேன். பட்டன் வகைச் சாவி சற்றுத் தொலைவிலிருந்தே காருடன் பேசுகிறது. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை இரு கருவிகளால் கார்வரை கடத்திச்சென்று இன்ஜினை இயக்க முடியும் என்பதை சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் 2011இல் மெய்ப்பித்தார்கள். திருகும் சாவியின் சிப்போ பூட்டின் அருகே சில சென்டிமீட்டருக்குள் மட்டுமே பேசும். சட்டைப்பையில் இருக்கும்போது அது மௌனமாகவே இருக்கிறது.

கார் களவு போனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு மூலச் சாவிகளையும் கேட்கும் என்பதால், இரண்டாவது சாவியை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். பழைய கார் வாங்குபவர்கள் இரு சாவிகளையும் கேட்டுப் பெற்று, ஒவ்வொன்றாலும் இன்ஜினை இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரு சாவி குறைந்தால், அதன் பதிவை சர்வீஸ் சென்டரில் காரின் நினைவகத்திலிருந்து நீக்கச் சொல்லி, புதிய சாவியைப் பதிந்த பிறகே அந்தக் காரை வெளியில் நிறுத்த வேண்டும்.