மகாராணியின் நினைவுப் பதக்கம் வாங்குவோர் கவனத்திற்கு

இரண்டாம் எலிசபெத் மகாராணி 2022 செப்டெம்பர் 8 அன்று பல்மோரல் மாளிகையில் காலமானபின், லண்டனில் நாங்கள் வாங்கும் செய்தித்தாளில், தபால் செலவை மட்டும் செலுத்தினால் தங்க முலாம் பூசிய நினைவுப் பதக்கம் வீட்டுக்கு வரும் என்று ஒரு தனியார் நிறுவனம் முழுப்பக்க விளம்பரம் செய்திருந்தது. இலங்கை 1972இல் குடியரசாகும் வரை அவரே எங்கள் நாட்டுக்கும் அரசி. அவருடைய முகம் பொறித்த 1957ஆம் ஆண்டின் 2 சதக் காசொன்றை என் அம்மா இன்றும் சாமியறையில் வைத்திருக்கிறார். அதன் அருகில் வைக்கட்டும் என்று எண்ணி, அம்மாவின் பெயரிலேயே பதிவு செய்தேன்.

பதக்கம் வந்தது. மூன்று வாரம் கழித்து, நாங்கள் கேட்காமலேயே இரண்டாவது பதக்கமும் அதற்கான 49 பவுண்ட் கட்டணச் சீட்டும் வந்தன. அடுத்த மாதம் மூன்றாவது வந்தது. கடன் வசூலிப்பவர்களிடம் ஒப்படைப்போம் என்ற கடிதத்தைக் கண்டு பயந்த அம்மா, என்னிடம் சொன்னால் மனம் வருந்துவேன் என்று நினைத்து, தன் ஓய்வூதியத்திலிருந்து இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. விளம்பரத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, முதல் பதக்கத்தை ஏற்பவர் தொடர் வரிசை முழுவதையும் பெறச் சம்மதிக்கிறார் என்றும், வேண்டாதவற்றைத் தன் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது.

நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தோம். எடை 28 கிராம். செப்பும் நிக்கலும் கலந்த உலோகத்தின் மேல் மெல்லிய முலாம். ஏறக்குறைய இதே அகலமுள்ள 22 காரட் தங்க 5 பவுண்ட் நாணயம் 39.94 கிராம் இருக்கும். எங்கள் பதக்கத்தில் பணமதிப்பு எதுவும் பொறிக்கப்படவில்லை. அது நாணயமே அல்ல. பிரித்தானிய அரச நாணயசாலையின் வெளியீடும் அல்ல. அந்த நாணயசாலை மகாராணியின் நினைவாக வெளியிட்ட 50 பென்ஸ் காசுகள் 2022 டிசெம்பர் முதல் தபாலகங்கள் வழியாகச் சாதாரணச் சில்லறையாகவே புழக்கத்துக்கு வந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

தபாலில் வாங்கும் பொருள் கையில் கிடைத்த 14 நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே கொள்வனவை இரத்துச் செய்யப் பிரித்தானியச் சட்டம் பொதுவாக இடமளிக்கிறது. மூன்றாவது பதக்கத்துக்கு அந்தக் கெடு முடிந்திருக்கவில்லை. இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் அறிவித்து, அதைப் பதிவுத் தபாலில் திருப்பி, பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தினேன். அதன் பணம் திரும்பி வந்தது. உங்கள் வீட்டிலும் தனியே தபால் திறக்கும் பெரியவர்கள் இருந்தால், இப்படியான கட்டணச் சீட்டு ஏதும் வந்திருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். இரண்டாவது பதக்கத்துக்கு அம்மா கட்டிய 49 பவுண்டை, கெடு தாண்டிவிட்டது என்று கூறி நிறுவனம் தர மறுத்துவிட்டது.