வெப்ப வியாழனின் பாதையை அளக்கக் கடப்பு முறையா, திசைவேக முறையா?

வெப்ப வியாழன்கள் எனப்படும், விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெருங்கோள்களின் பாதையை ஆராய முனையும் மாணவர்கள் எந்த முறையில் தொடங்குவது என்று தயங்குவதுண்டு. கோள் விண்மீனின் முன்னே செல்கையில் ஒளி மங்குவதை அளப்பது கடப்பு முறை; கோளின் ஈர்ப்பால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும் வேகத்தை அளப்பது திசைவேக முறை.

செலவைப் பார்த்தால் கடப்பு முறையே எளியது. எச்டி 209458 என்னும் விண்மீனின் முன்னே அதன் கோள் 3.5 நாளுக்கு ஒருமுறை கடக்கையில், ஒளி ஏறத்தாழ 1.5 விழுக்காடு மங்கி, சுமார் மூன்று மணி நேரத்தில் மீள்கிறது. 1999இல் இதைப் பதிவுசெய்த தொலைநோக்கியின் விட்டம் 10 செ.மீ.தான், ஒரு கையகலம்! திசைவேக முறைக்கோ ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நுட்பமான நிறமாலைமானி வேண்டும். வானியலாளர்கள் மேயரும் கெலோவும் 1995இல் அறிவித்த கோள், 51 பெகாசி விண்மீனை நொடிக்கு 56 மீட்டர் அளவிலேயே அசைக்கிறது.

ஆனால் கடப்பு எல்லாக் கோளுக்கும் வாய்ப்பதில்லை. இவ்வளவு நெருங்கிய பாதைகளிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்றே நம் பார்வைக் கோட்டில் விண்மீனை மறைக்கிறது.

பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதையும் சுற்றுக்காலத்தையும் கடப்பு துல்லியமாகத் தரும். பாதை எவ்வளவு நீண்ட வட்டம் என்பதைத் திசைவேகமே தெளிவாகக் காட்டும். எச்டி 80606 விண்மீனுடைய கோளின் மையப்பிறழ்ச்சி (பாதையின் நீட்சியளவு; முழு வட்டத்துக்குச் சுழி) 0.93 என்று அறிந்தது அவ்வழியில்தான்.

சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர் கடப்பில் தொடங்கலாம். அக்கோள்கள் அவ்வளவு அருகில் எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்பவருக்கு, பாதையின் நீட்சி அதற்கொரு துப்பு என்பதால், வானாய்வகங்கள் வெளியிட்டுள்ள திசைவேகத் தரவுகளையே நான் பரிந்துரைப்பேன்.