மியூட் மாற்றினால் ட்ரம்பெட்டே மாறும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ட்ரம்பெட்டின் வாயில் செருகியோ பிடித்தோ ஒலியை மாற்றும் துணைக்கருவிதான் மியூட். அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது சத்தத்தை நல்லா குறைக்கும்?" என்பதுதான். ஸ்ட்ரெய்ட், கப், ஹார்மன், பிளஞ்சர், பக்கெட், பயிற்சி மியூட் என்று எல்லா வகையையும் பல வருடங்களாக மாற்றி மாற்றி வாசித்து வருகிறேன். சத்தம் குறைவது இவற்றின் வேலையில் சின்னப் பங்குதான். பெல்லிலிருந்து, அதாவது ட்ரம்பெட்டின் அகன்ற வாயிலிருந்து, ஒலி வெளியேற எவ்வளவு வழி விட்டிருக்கிறார்கள், எந்த இடத்தில் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த மியூட் எப்படி ஒலிக்கும், எந்தச் சுரத்தில் படுத்தும், சுருதி எந்தப் பக்கம் நகரும் என்பதெல்லாம் அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அலுமினியமா, செம்பா, ஃபைபரா என்பது அதற்கு அடுத்த பேச்சு.

ஸ்ட்ரெய்ட் மியூட்டிலிருந்து தொடங்குகிறேன். ஆர்கெஸ்ட்ரா நோட்டில் வேறெதுவும் சொல்லாமல் 'கான் சோர்டினோ' (மியூட்டோடு) என்று மட்டும் போட்டிருந்தால் இதைத்தான் செருகுவார்கள். கூம்பு வடிவம். அகன்ற பக்கம் மூடியிருக்கும், குறுகிய பக்கம் திறந்தபடி பெல்லுக்குள் போகும். குறுகிய முனைக்கு அருகே நீளவாக்கில் மூன்று கார்க் பட்டைகள் ஒட்டியிருக்கும். மியூட்டைப் பிடித்து நிறுத்துவதும் அவைதான், பெல் சுவருக்கும் மியூட்டுக்கும் நடுவே சந்து விடுவதும் அவைதான். கீழ் அதிர்வுகள் அந்தச் சந்து வழியாக அதிகம் வருவதில்லை, மேற்சுரங்கள் வந்துவிடுகின்றன. உடல் மெலிந்து, முனை கூர்ந்த ஒரு ஒலி கிடைப்பது அதனால்தான்.

இதே மியூட்டை மெதுவாக ஊதுவதும் பலமாக ஊதுவதும் இரண்டு வேறு உலகங்கள். இசையமைப்பாளர் டெபுஸி 1899-இல் முடித்த 'நாக்டர்ன்ஸ்' என்ற ஆர்கெஸ்ட்ரா தொகுப்பில், 'ஃபெத்' என்ற பகுதியில் தூரத்திலிருந்து ஓர் ஊர்வலம் நெருங்கி வரும். மியூட் போட்ட மூன்று ட்ரம்பெட்கள் மிக மெல்ல அதைத் தொடங்கிவைக்கும். ஒலியில் அடிப்பகுதி இல்லாததால் காது அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 'டான் கிஹோட்டே'யில் ஆட்டு மந்தை கத்துவதைக் காட்ட, மியூட் போட்ட பித்தளைக் கருவிகளை நாக்கை உருட்டி வாசிக்க வைத்தார். அங்கே அதே கூர்மை எரிச்சலூட்டும் கனைப்பாகிவிடுகிறது. பலமாக ஊதினால் உலோக ஸ்ட்ரெய்ட் முழு ஆர்கெஸ்ட்ராவையும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சத்தம் குறைக்கத்தான் மியூட் என்று நினைப்பவர்கள் அதைப் பக்கத்தில் நின்று ஒருமுறை கேட்க வேண்டும்.

என்னிடம் இருப்பவற்றில் அலுமினிய ஸ்ட்ரெய்ட்தான் அதிகம் உழைக்கிறது. சுரத்தின் தொடக்கத் தாக்கு சுத்தமாக விழும், வேகமான ஒற்றை நாக்குத் தட்டுகள் தனித்தனியாகக் கேட்கும். அடியில் செம்பு போட்டது கொஞ்சம் இருண்டு ஒலிக்கும். அழுத்திச் செய்த ஃபைபர் ரகம், அதாவது ஹியூம்ஸ் அண்ட் பெர்க்கின் சிவப்பு வெள்ளை 'ஸ்டோன்லைன்ட்' போன்றவை, முனையைச் சற்று மழுக்கிவிடும். பிக் பேண்ட் என்ற பெரிய ஜாஸ் குழுவில் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று. இந்த வித்தியாசங்களையெல்லாம்விடப் பெரிய வித்தியாசத்தை கார்க்கைத் தேய்த்து உண்டாக்க முடியும்.

புது மியூட்டில் கார்க் தடிமனாகவே வரும். எல்லா ட்ரம்பெட்டின் பெல் வளைவும் ஒன்றுபோல் இல்லாததால், வாங்குபவர் தன் கருவிக்கு ஏற்றபடி தேய்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கார்க் தடித்திருந்தால் மியூட் வெளியே தள்ளி நிற்கும், சந்து அகலமாக இருக்கும், ஒலி திறந்து வரும். மெலிந்தால் உள்ளே போகும், சந்து குறுகும், ஊதும்போது எதிர்ப்பு கூடும், ஒலி அடைபடும். நடுவில் எங்கோ ஒரு நல்ல இடம் இருக்கிறது. நான் செய்வது இதுதான்: மெல்லிய உப்புத்தாளை எடுத்து மூன்று பட்டைகளிலும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பேன், செருகுவேன், நடு ஸ்தாயியில் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து ட்யூனரைப் பார்ப்பேன், மறுபடி எடுத்து இன்னும் கொஞ்சம் இழுப்பேன். இடையில் பெல்லை முகத்துக்கு நேரே திருப்பி, மியூட்டைச் சுற்றியுள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு பட்டை மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் மியூட் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். அவசரப்படக் கூடாது. கார்க்கைக் குறைக்கலாம், திரும்ப வளர்க்க முடியாது. புதுப் பட்டை வாங்கி கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை வைத்து ஒட்ட வேண்டியதுதான்.

சுருதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெல்லின் வாயை அடைத்தால் பெரும்பாலும் சுருதி ஏறும். இது இன்று நேற்று தெரிந்த விஷயம் இல்லை. 1607-இல் அரங்கேறிய மோன்டவெர்டியின் 'ஓர்ஃபியோ' என்ற ஓபரா ஒரு ட்ரம்பெட் முழக்கத்தோடு தொடங்குகிறது. ட்ரம்பெட்களை மியூட் போட்டு வாசிக்க விரும்பினால் அந்தப் பகுதியை ஒரு முழுச் சுரம் மேலே வாசிக்க வேண்டும் என்று அச்சிட்ட இசைப்பிரதியிலேயே குறிப்பு இருக்கிறது. அந்தக் கால மியூட் மரத்தால் ஆனது, பெல்லை நன்றாக அடைத்துக்கொண்டு நடுவில் ஒரு சிறிய துளை மட்டும் விடும். அதனால் அவ்வளவு ஏற்றம். இன்றைய ஸ்ட்ரெய்ட் அத்தனை தூரம் போகாது. சுருதியைச் சரிசெய்யும் நகரும் குழாயான ட்யூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சரியாகிவிடும். பிரச்சினை எங்கே என்றால், இரண்டு மாத்திரை ஓய்வில் மியூட்டை எடுத்து மறுபடி திறந்து வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். ஸ்லைடைத் தள்ள நேரம் இருக்காது. அதனால் மியூட் வாங்கும்போது நாதத்தைவிட முதலில் சுருதியைத்தான் பார்க்கச் சொல்வேன். ஸ்லைடைத் தொடாமல் உதட்டாலேயே சமாளிக்கக்கூடிய மியூட்தான் மேடைக்கு உதவும்.

கீழ் ஸ்தாயியில் இன்னொரு தொல்லை. மியூட்டின் உள்வெளிக்கு அதற்கே உரிய ஓர் ஒத்ததிர்வு உண்டு. அது ட்ரம்பெட்டின் அடிச் சுரங்களுக்குப் பக்கத்தில் வந்து குறுக்கிடுவதால், மூன்று வால்வையும் அழுத்தும் அந்தக் கடைசிச் சுரங்கள் வழுக்கும், சில சமயம் உடைந்தே போகும். கடையில் மியூட்டைச் சோதிப்பவர்கள் நடு ஸ்தாயியில் நாலு சுரம் ஊதிவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கீழே இறங்கி, மெதுவாக ஊதிப் பாருங்கள். நல்ல மியூட்டும் சுமாரான மியூட்டும் பிரிவது அங்கேதான்.

கப் மியூட் என்பது ஸ்ட்ரெய்ட்டின் முன்னால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மாட்டியது. கார்க் இடைவெளியைத் தாண்டி வந்த ஒலி, பெல் விளிம்புக்கும் கிண்ண விளிம்புக்கும் நடுவிலுள்ள இரண்டாவது இடைவெளியையும் கடக்க வேண்டும். அங்கே உச்சி அதிர்வுகள் அடிபட்டு, உருண்டையான, அடக்கமான ஒலி வருகிறது. பெல்லுக்கும் கிண்ணத்துக்கும் உள்ள தூரம்தான் இதில் எல்லாம். ஒட்டினாற்போல் வைத்தால் பக்கத்து அறையில் வாசிப்பது மாதிரி இருக்கும். ஒரு விரல் தள்ளினால் பாதி திறந்துவிடும். டெனிஸ் விக் நிறுவனத்தின் கப் மியூட்டில் கிண்ணம் நகர்த்தக்கூடியது. கழற்றினால் ஸ்ட்ரெய்ட்டாகவும் பயன்படும். பயணத்துக்கு ஒன்றே ஒன்று என்றால் அதைத்தான் எடுத்துப்போகிறேன். குழுவாக வாசிப்பவர்கள் ஒத்திகைக்கு முன் எல்லோருடைய கிண்ணத் தூரத்தையும் ஒரே அளவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு தூரம் என்றால் நான்கு ட்ரம்பெட்டும் எவ்வளவு சுருதி சுத்தமாக இருந்தாலும் சேராது.

ஹார்மன் மேல் எனக்குத் தீராத பிரியம். இதில் கார்க் முழு வளையமாகச் சுற்றியிருக்கும், பக்கச் சந்து கிடையாது. ஊதும் காற்று முழுவதும் மியூட்டுக்குள் போய், நடுத்துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்தத் துளையில் 'ஸ்டெம்' என்ற சின்னக் குழாய் செருகியிருக்கும், அதன் முனையில் குட்டிக் கிண்ணம். அதைக் கையால் மூடித் திறந்தால் 'வா-வா' என்று பேசும். ஸ்டெம்மை முழுக்க உருவிவிட்டால் கிடைப்பது வேறு ஜாதி ஒலி: மெல்லிய உலோகச் சீறல், உள்ளே நடுங்கும் ஒரு தனிமை. 1950-களில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இதை மைக்கின் மேல் ஒட்டினாற்போல் வைத்து வாசித்துத் தன் குரலாகவே ஆக்கிக்கொண்டார். அவர் பதிவுகளைக் கேட்டுவிட்டு ஹார்மன் வாங்குபவர்கள் அந்த மைக்கை மறந்துவிடுகிறார்கள். மைக் இல்லாமல் ஒரு அரங்கில் ஸ்டெம் எடுத்த ஹார்மன் முதல் சில வரிசைகளைத் தாண்டுவது கஷ்டம். மைக்குக்கும் மியூட்டுக்கும் உள்ள தூரம் ஒரு அங்குலம் மாறினாலே ஒலியின் நிறம் மாறும். ஆகவே மைக்கோடு சேர்த்துத்தான் இதைப் பழக வேண்டும்.

எதிர்ப்பு அதிகம் என்பதால் ஹார்மனில் பலமாகத் தள்ளத் தோன்றும். தள்ளினால் சுருதி ஏறி, ஒலி நசுங்கும். குறைவான காற்று, தளர்ந்த உதடு, நிதானமான வேகம். அப்போதுதான் அது பாடுகிறது. அலுமினிய ஹார்மனில் சீறல் அதிகம், செம்பில் கொஞ்சம் கனம். ஜோ-ரால் நிறுவனத்தின் 'பப்புள்' என்ற ஹார்மன் ரகம் எனக்குச் சுருதியில் நிம்மதியாக இருக்கிறது. கீழே விழுந்து ஒடுங்கிய ஹார்மன் சில சுரங்களில் மட்டும் ரீங்கரிக்கும், ஆகவே பழையது வாங்கும்போது ஒவ்வொரு சுரமாக ஏறி இறங்கிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். விழாமல் இருக்க ஒரு பழக்கம்: செருகுவதற்கு முன் பெல்லுக்குள் வாய் திறந்து சூடாக ஒரு மூச்சு விடுங்கள், அந்த ஈரத்தில் கார்க்கை வைத்து லேசாகத் திருகுங்கள். எல்லா மியூட்டுக்கும் இது பொருந்தும்.

பிளஞ்சர் என்பது கழுவுதொட்டி அடைப்பை நீக்கும் ரப்பர் கிண்ணமேதான், கைப்பிடியைக் கழற்றிவிட்டது. நோட்டில் கூட்டல் குறி இருந்தால் மூடு, வட்டம் இருந்தால் திற. 1920-களில் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசித்த பப்பர் மைலி, பெல்லுக்குள் ஒரு குட்டி ஸ்ட்ரெய்ட்டையும் செருகி, மேலே பிளஞ்சரைப் பிடித்து, தொண்டையில் உறுமிக்கொண்டே ஊதிய அந்த ஒலி மனிதக் குரலுக்கு மிக அருகில் வரும். இங்கே இடைவெளியை உண்டாக்குவது உங்கள் இடது கை. முழுக்க அடைக்காமல் ஓரத்தில் கொஞ்சம் விடுங்கள், சுருதி கையை மீறாது.

பக்கெட் பெல் விளிம்பில் கிளிப் போட்டு மாட்டுவது, உள்ளே பஞ்சு அடைத்திருக்கும். கூர்மையை உறிஞ்சிவிட்டு, ட்ரம்பெட்டைவிட மென்மையாக ஒலிக்கும் ஃப்ளூகல்ஹார்ன் பக்கம் கொண்டுபோகும். ஒலி அழகு, மாட்டிக் கழற்றுவது தாமதம்.

பயிற்சி மியூட் இருப்பதிலேயே அதிகம் அடைப்பது. யமஹா 1995-இல் கொண்டுவந்த 'சைலன்ட் பிராஸ்', உள்ளே மைக் வைத்து ஹெட்ஃபோனில் கேட்க வைக்கிறது. இரவில் பயிற்சி செய்ய அதுவே வழி. விரல் பயிற்சிக்கும் நாக்குப் பயிற்சிக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நீள சுரங்களை மட்டும் இதில் பழகாதீர்கள். எதிர்ப்புக்கு எதிராகத் தள்ளித் தள்ளிப் பழகிய மூச்சு, மியூட்டைக் கழற்றியதும் தடம் தெரியாமல் அலையும். இதில் வாசித்து முடித்த பிறகு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சில நிமிடமாவது திறந்து ஊதிவிடுவது என் வழக்கம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு என் வரிசை: முதலில் உலோக ஸ்ட்ரெய்ட், அடுத்து நகர்த்தக்கூடிய கப், அப்புறம் ஹார்மன். பிளஞ்சரை ஹார்டுவேர் கடையில் வாங்கலாம், ஆனால் கடைக்கு ட்ரம்பெட்டையும் எடுத்துப்போங்கள். கிண்ணம் பெல் விளிம்பைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் கையில் அடங்கும். பக்கெட்டை நோட்டில் கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.