பனிக்காலத்தில் இலக்கியம் படிக்க: மாலை வகுப்பா, தொலைக்கல்வியா?

ரொறன்ரோவில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த நாட்களில், நாற்பது தாண்டிய ஒருவருக்கு ஆங்கில இலக்கியம் படிக்கும் ஆசை வந்தால், வீட்டிலிருந்தே படிக்கலாமே என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான். ஒரு வின்டர் அத்தபாஸ்காவில் படித்தேன். அடுத்த வின்டர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வூட்ஸ்வர்த் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போனேன்.

அத்தபாஸ்கா, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1970இல் தொடங்கிய தொலைக்கல்விப் பல்கலைக்கழகம். 16 வயதானால் போதும், பள்ளிச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்த மாதத்தின் முதல் தேதியிலும் தொடங்கலாம். ஒரு பாடத்துக்கு ஆறு மாதம். போதாவிட்டால் பணம் கட்டி இரண்டு மாதம் நீட்டலாம். ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

என்னைக் கவிழ்த்ததும் அந்த ஆறு மாதம்தான். "இன்னும் நாள் கிடக்கு" என்று சொல்லியே பெப்ரவரி போய்விட்டது. வெளியே ஸ்னோ கொட்டக் கொட்ட, போர்வைக்குள் இருந்து நாவலை இரண்டு தரம் படித்தேன். கட்டுரையில் ஒரு வரி எழுதவில்லை. ஆனாலும் எழுதப் பழகியது அங்கேதான். ஒருவழியாக அனுப்பிய முதல் கட்டுரையில் கதைச்சுருக்கம் மட்டுமே இருந்தது. ஆசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார்: "என்ன நடந்தது என்று சொல்லிவிட்டீர்கள். அதை நாவலாசிரியர் எப்படிச் சொல்லியிருக்கிறார்?" இன்றும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

வூட்ஸ்வர்த்தில் நடப்பது பிரிட்ஜிங் வகுப்பு. படிப்பை இடையில் விட்டவர்களுக்கானது. வேண்டிய புள்ளி எடுத்தால் பட்டப்படிப்புக்குள் நுழையலாம். போய்வருவதுதான் பாடு. 2023 ஜூலையோடு ஸ்காபரோ லைன் 3 ரயில் நின்றுவிட்டதால், பஸ் பிடித்துக் கென்னடி ஸ்டேஷன், அங்கிருந்து லைன் 2 ரயிலில் செயின்ட் ஜார்ஜ் ஸ்டேஷன். புயலடித்தால் வகுப்பே நின்றுபோகும்.

ஆனால் உள்ளே நுழைந்து, மூடுபனி படிந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அங்கே நடப்பது வேறு. ஒரு நாள் பனி மூடிய தெருவைப் பற்றிய கவிதை ஒன்றை ஆளுக்கு ஒரு தரம் வாய்விட்டுப் படித்தோம். பனி என்றால் எனக்கு மார்கழியில் புல் நுனியில் நிற்பது; கவிஞர் அழகுக்காக எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். இரவில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு காலடித் தடமும் இல்லையே. இன்னும் யாரும் எழும்பவில்லை. இவர் மட்டும் இரவெல்லாம் தூங்காமல் நிற்கிறார்." கவிதையில் நேரம் எங்கேயும் எழுதப்படவில்லை. வீட்டில் தனியே நூறு தரம் படித்திருந்தாலும் எனக்கு அது பிடிபட்டிருக்காது.

மூன்றாவது வழி நகர நூலகம். 100 கிளைகள், காசில்லை, புத்தகத்தை 21 நாள் வைத்திருக்கலாம். ஆனால் நாம் எழுதியதைத் திருத்தித் தர ஆள் இல்லை. துணைக்கு நல்லது.

என் கணிப்பில், முதல் வின்டருக்கு வகுப்புத்தான். வாசிக்கத் தெரிந்த பிறகு, எழுத்தைத் தீட்டத் தொலைக்கல்வி. கைக்குழந்தையோ இரவு வேலையோ இருப்பவர்கள் முதலிலேயே அத்தபாஸ்காவில் சேரலாம். ஆனால் கட்டுரைக்கான நாட்களைத் தாங்களே நாட்காட்டியில் குறித்து, அதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

என் மச்சாள் இந்த ஜனவரியில் வகுப்புக்குப் போகிறாள். பையில் இன்னொரு சோடி காலுறை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.